சுமைதாங்கியின் உயரம்

சுமைதாங்கி என்பது மூன்று கற்கள். இரண்டு செங்குத்தாக நிற்கும். மூன்றாவது அவற்றின் தலையில் குறுக்கே கிடக்கும். நெல் மூட்டையையும் விறகுக் கட்டையும் உப்பையும் கருவாட்டுக் கூடையையும் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோன காலத்தில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே, மரநிழலாகப் பார்த்து இவற்றை நாட்டினார்கள். தமிழ்நாட்டின் பழைய வழித்தடங்களிலும் யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலும் இவற்றை இன்றும் காணலாம். கேரளத்தில் இதே அமைப்புக்கு அத்தாணி என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது உயரம். குறுக்குக் கல் ஏறத்தாழ ஒரு மனிதரின் தோள்மட்டத்தில் இருக்கும். தலைச்சுமையை இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் கடினம். தரையில் வைத்த ஒரு மூட்டை நெல்லைத் தனியாள் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. கைகொடுத்துத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத உச்சி வெயிலில் அலுப்புத் தாங்காமல் சுமையைக் கீழே போட்டவர், அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் பயத்தினாலேயே கழுத்து நோக நோக நடந்துகொண்டிருப்பார்கள். தோள்மட்டத்தில் ஒரு கல் இருந்தால் நின்றபடியே சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம், இளைப்பாறலாம், பிறகு தலையைக் கொடுத்து ஒருவரது உதவியும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கல்லை இரண்டு அடி தாழ்த்தி நட்டிருந்தால் அது உட்காரும் திண்டாகப் பயன்பட்டிருக்கும், சுமைக்கு உதவாது. அதை நாட்டியவர் சுமந்து பார்த்தவராக இருக்க வேண்டும், அல்லது சுமப்பவர்களை நின்று பார்த்தவராக இருக்க வேண்டும். இரக்கம் மட்டும் இருந்தால் இந்த உயரம் தெரியாது.

கருவுற்ற நிலையிலோ பிள்ளைப்பேற்றிலோ இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டவளின் பாரம், வழிப்போக்கர்களின் பாரம் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையின் உண்மை பொய்யை விட்டுவிட்டாலும், துக்கத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிடக் கண்ணியமான விடை எளிதில் அகப்படாது. மகளையோ மனைவியையோ இழந்தவர் தம் வீட்டுக்குள் சமாதி எழுப்பிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்து வலி குறைய வழிசெய்தார். வலி குறைந்தவருக்குப் பெரும்பாலும் அந்தப் பெண் யாரென்றே தெரியாது. சில கற்களில் பெயர் வெட்டியிருக்கும், பலவற்றில் அதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதே மனப்பாங்கு ஒரு தொகுதியாகவே அமைந்தது. வழிப்போக்கருக்கு மடம், குடிக்கவும் குளிக்கவும் கேணி, சுமைக்குச் சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் என்று இவை அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் அங்கே பல. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: மடத்தின் கூரை தெருவையே மூடி நிற்கிறது, தெரு அதன் நடுவே புகுந்து போகிறது. மடத்துக்குள் போவதா வேண்டாமா என்று வழிப்போக்கர் யோசிக்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே நிழலுக்குள் வந்துவிடுகிறார்.

மாடு உரசிக்கொள்ளும் கல்லுக்குத் தமிழின் அறப் பட்டியலிலேயே இடம் உண்டு. காஞ்சிபுரத்துக் காமாட்சி இரண்டு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களை வளர்த்தாள் என்பது புராணக் கதை. திருவையாற்றுக் கோயிலில் அம்மனுக்கு அறம்வளர்த்த நாயகி என்றே பெயர். அந்த முப்பத்திரண்டும் எவை என்பதை நிகண்டுகள் பட்டியலிடுகின்றன. அறம் என்றவுடன் மனத்தில் எழும் பெரிய சொற்கள் எதுவும் அதில் இல்லை. உண்மை, பொறுமை, அடக்கம் என்று குணங்களைப் பற்றி அது பேசுவதே இல்லை. முழுக்க முழுக்கச் செயல்களும் பொருள்களும். படிப்பவர்களுக்கு உணவு, சிறையில் இருப்பவர்களுக்குச் சோறு, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், தாயில்லாக் குழந்தைக்குப் பால், கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தைச் சுடுதல், கண்ணுக்கு மருந்து, தண்ணீர்ப் பந்தல், மடம், குளம், சோலை, ஆவுரிஞ்சு தறி, கொல்லக் கொண்டுபோகும் உயிரை விலைகொடுத்து மீட்டல் என்று போகிறது.

இவற்றுக்கு நடுவே சில வியப்பானவை. தலைக்கு எண்ணெய், முகம் பார்க்கக் கண்ணாடி, காதுக்கு ஓலை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, துணி வெளுக்க வண்ணார், முகம் மழிக்க நாவிதர். பசித்தவனுக்குச் சோறு போடுவது அறம் என்பதை எந்தச் சமூகமும் சொல்லும். ஏழைக்குக் கண்ணாடியும் வேண்டும் என்று யோசித்தவர்கள் வேறு ரகம். நாள்கணக்கில் நடந்து வந்த யாத்திரிகருக்குப் பசி தீர்ந்தபின்னும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது: பரட்டைத் தலையும் அழுக்குத் துணியுமாகப் பிறர் முன்னால் நிற்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் சோறு போடுவதற்குச் சமமான அறமாக எண்ணப்பட்டிருக்கிறது. இன்றைய நிவாரண முகாம்களில் அரிசியும் போர்வையும் முதல் நாளே வந்துவிடுகின்றன. சீப்பும் உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் கடைசியில்தான் எவருக்கோ நினைவு வருகின்றன. பட்டியலை வகுத்தவர்கள் அந்த விஷயத்தில் முன்னே நின்றார்கள். (அதே பட்டியலில் பெண்போகமும் ஓர் அறமாக எண்ணப்பட்டிருக்கிறது. பழமையானது என்பதாலேயே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதும்.)

குணத்தைப் பேசாமல் பொருளைப் பேசுவதில் ஒரு கூர்மை இருக்கிறது. நல்லவராக இரு என்பதை நிறைவேற்றியாயிற்றா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. பானையில் தண்ணீர் இருக்கிறதா என்பதை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அன்பு என்பது மனநிலையைப் பொறுத்தது. காலையில் இருப்பது மாலையில் இருப்பதில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும், பல்வலியோடு வந்தவரும் பந்தலில் தண்ணீர் வார்க்க வேண்டும். தாகத்தோடு வருகிறவருக்கு வார்ப்பவரின் மனநிலை ஒரு பொருட்டே அல்ல. தமிழ் மரபின் அறச் செயல்களை ஊன்றிப் பார்த்தால், கொடுப்பவரின் அன்றன்றைய மனத்தை நம்பி எதையும் விடக்கூடாது என்ற ஓர் எச்சரிக்கை அவற்றின் அடியில் ஓடுவது தெரியும்.

தண்ணீர்ப் பந்தல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெயில் காலத்தில் பாதையோரம் கீற்றுப் பந்தல் போட்டு, மண்பானையில் தண்ணீரோ நீர்மோரோ பானகமோ வைத்துக் கொடுப்பது, பார்க்க எளிய காரியம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட நிவந்தங்களைப் பார்த்தால், தண்ணீர் வைப்பது என்ற ஒரு வேலை பல வேலைகளாகப் பிரிந்திருப்பது தெரிகிறது. தண்ணீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு நெல், பந்தலில் இருந்து வார்ப்பவருக்கு இவ்வளவு, பானை கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு என்று தனித்தனியே வகுத்து, அந்த நெல் விளைய வேண்டிய நிலத்தின் எல்லையையும் சொல்லி வைப்பார்கள். குயவரை மறக்காததுதான் இதில் நுட்பம். மண்பானை உடையும். உடைந்த அன்றைக்குப் புதுப்பானை வாங்கப் பணம் எங்கே என்ற கேள்வி வந்தால் அறம் அன்றோடு நின்றுவிடும். பானை உடையும் என்று தெரிந்தவர்கள்தான் அதற்கும் சேர்த்து நிலம் எழுதி வைப்பார்கள்.

கோயில் விளக்குக்குச் செய்த ஏற்பாட்டிலும் இதே கணக்கு. ஒரு நொந்தா விளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாளி ஓர் இடையரிடம் ஒப்படைப்பார். இவை சாவா மூவாப் பேராடுகள். ஆடு சாகாமலும் கிழடாகாமலும் இருக்குமா என்றால் இருக்காது. ஆனால் மந்தை குறையக்கூடாது. செத்ததற்கு ஈடாகப் பிறந்ததைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பது இடையரின் பொறுப்பு. பெருகினால் பெருக்கம் அவருக்கு. இது பக்தியின் காரியமே தவிர வழிப்போக்கருக்கான உதவி அல்ல. ஆயினும் ஒரு நற்செயலைச் செய்தவரின் ஆயுளுக்கு அப்பால் கொண்டுபோவது எப்படி என்ற வித்தையை இந்த மந்தைகளிடம்தான் அக்காலம் கற்றுக்கொண்டது.

கல்வெட்டின் கடைசி வரிகள் இன்னொன்றைக் காட்டுகின்றன. கொடையின் விவரமெல்லாம் முடிந்தபின், இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளி சொல்லுவது பரவலான வழக்கு. அரசரும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பிறக்காத, என்ன குலம் என்றும் என்ன தொழில் என்றும் தெரியாத, இருநூறு ஆண்டு கழித்துப் பந்தலுக்கு நெல் அளக்கப்போகும் எவரோ ஒருவரின் காலை ஓர் அரசர் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறார். தொடங்கியவரைவிடத் தொடர்பவர் உயர்ந்தவர் என்ற ஒப்புதல் இது. தருமத்தைக் கெடுப்பவருக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்ற சாபமும் கூடவே வரும். மரியாதை பலிக்காவிட்டால் பயம் பலிக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து வெட்டி வைத்தார்கள்; மனித இயல்பு தெரிந்தவர்கள்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைத் திருமுக்கூடலில் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் உள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1060களின் கடைசியைச் சேர்ந்தது. அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு வேதபாடசாலையும் மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்தன. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. குடிக்கும் தண்ணீரில் போட வேண்டிய ஏலத்துக்கும் இலாமிச்சை வேருக்கும்கூட அந்தக் கல்வெட்டில் இடம் இருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவருக்கு வெறும் தண்ணீர் குமட்டும் என்று அறிந்த எவரோ ஒருவர் அந்தப் பட்டியல் தயாரானபோது பக்கத்தில் இருந்திருக்கிறார்.

பிற்காலத்தில் இந்த மரபின் பெரிய வடிவம் சத்திரம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தார், ஓரங்களில் மரம் வைத்தார், வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் மக்கள் வாயில் இருக்கிறது. மதுரையில் அவர் பெயர் தாங்கிய சத்திரம் நகரின் நடுவே நிற்கிறது. தஞ்சை மராத்தியர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் வைத்தார்கள். இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரில் ஒரத்தநாட்டில் ஒரு பெரிய சத்திரம் கட்டினார்.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, சரபோஜியின் பெரிய கவலைகளில் ஒன்று சத்திரங்களின் மானிய நிலங்கள் பறிபோய்விடுமோ என்பது. 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு அவர் எழுதிய கடிதம் அந்தச் சத்திரங்கள் நடந்த விதத்தை விவரிக்கிறது. சமைத்த சோறு வேண்டியவருக்குச் சோறு, தாமே சமைத்துக்கொள்பவருக்கு அரிசியும் பண்டமும், நோயுற்று அங்கேயே தங்கிவிடுபவருக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும், குழந்தைகளுக்குப் பால், கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பு, வழியில் இறந்துபோனவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. ஆட்சியை விட்டுக்கொடுத்த ஓர் அரசர் அடுப்புகளுக்காக வாதாடுவது வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

அரசருக்குச் சத்திரம் என்றால் குடிகளுக்குத் திண்ணை. தெருவைப் பார்த்த வீட்டுக்கு முன்னால், கதவுக்கு வெளியே, தூணும் தாழ்வாரமுமாக ஒரு மேடை. பழைய திண்ணைகள் பலவற்றில் ஓர் ஓரத்தைத் தலையணைபோல உயர்த்திச் சாய்வாகக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்காரருக்கு உள்ளே பாய் இருக்கிறது. இந்தக் காரைத் தலையணை வருகிறவருக்காக. விளக்கு மாடம் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். இரவில் வந்து படுத்துவிட்டு விடியுமுன் எழுந்து போகிறவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையின் மேன்மை அது கதவுக்கு வெளியே இருப்பதில்தான். வீட்டுக்குள் அழைத்து உபசரித்தால் விருந்தாளி நன்றிக்குக் கட்டுப்படுவார். திண்ணையில் படுத்தவர் எதற்கும் கட்டுப்படாமல் போகலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு சிறிய ஏற்பாடு நடந்தது. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வீட்டில் எவருக்கும் சோறு குறைந்ததாகத் தெரியாது. மாதக் கடைசியில் கலயம் நிறைந்திருக்கும். இந்தப் பிடியரிசி சைவ மடங்களுக்கும் போனது, கிறித்தவச் சபைகளின் காணிக்கையாகவும் போனது, அன்னதானத்துக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் போனது. கையில் காசு புழங்காத பெண்கள், வீட்டுக்காரரிடம் கேட்காமல் தம் விருப்பப்படி கொடுக்க முடிந்த கொடை இது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இந்த வகைதான். மாலையில் தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளில் நோன்பு நோற்காத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். கஞ்சி ஊற்றுகிறவர் அதை விசாரிப்பதில்லை.

விசாரித்த இடங்கள்தான் இந்த மரபின் இருண்ட பக்கம். அது சிறு பக்கம் அல்ல. திண்ணை வழிப்போக்கருக்கு என்றாலும் எல்லா வழிப்போக்கருக்கும் அல்ல. அக்கிரகாரத்துத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவருக்கு அங்குள்ள திண்ணைகளின் காரைத் தலையணை இருந்தும் இல்லாததுதான். பல சத்திரங்களில் பந்தி சாதி பார்த்துப் பிரிந்தது. சில சத்திரங்கள் பிராமணருக்கென்றே நடந்தன. தண்ணீர்ப் பந்தலில் சிலருக்குப் பாத்திரத்தில் கொடுத்தார்கள், சிலருக்குத் தள்ளி நின்று குவித்த கையில் ஊற்றினார்கள். ஊர்ப் பொதுக்கிணறு என்ற சொல்லில் பொது என்பது சேரிக்கு எட்டாமல் நின்றது. மாடு உரச ஒரு கல்லை யோசித்து நட்ட சமூகம், நிலத்தில் பாடுபட்ட மனிதரைக் கேணியின் படியில் இறங்கவிடவில்லை. பானை உடையும் என்பதுவரை முன்கூட்டிப் பார்த்த கூர்ந்த அறிவு இதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தது, பார்த்தே விலக்கியது. நுட்பமான அறமும் முரட்டு விலக்கும் ஒரே ஊரில், ஒரே கையில், ஒரு முரணும் உணரப்படாமல் இருக்க முடிந்தது என்பதை முப்பத்திரண்டு அறங்களைப் பெருமையோடு சொல்லுகிறவர்கள் கடந்துபோகக் கூடாது.

அந்த விலக்கு இரக்கத்தால் உடையவில்லை. சட்டத்தால் உடையத் தொடங்கியது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், விலக்கப்பட்டவர்களில் ஒருவரான இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதையும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பயன்படுத்தத் தடை இருக்கக்கூடாது. தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டு அரசாணையும் வந்தது. ஆணை ஊர்களுக்குள் போய்ச் சேர இன்னும் பல போராட்டங்கள் வேண்டியிருந்தன, சில இடங்களில் இன்னும் வேண்டியிருக்கின்றன. ஆனால் தண்ணீர் கொடுப்பது கொடுப்பவரின் கருணை என்ற நிலை மாறி, குடிப்பவரின் உரிமை என்று அப்போது எழுத்தில் ஆனது. அறத்தின் வரலாற்றில் இது ஒரு புதிய கல்வெட்டு. அதைக் கேட்டு வாங்கியவர்கள் விலக்கப்பட்டவர்களே.

அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் ஒரு தனிமனிதர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதன் நீளம் 21 அடி. அங்கே சாப்பிட ஒரே தகுதி பசி. சாதியையோ சமயத்தையோ ஊரையோ எவரும் கேட்பதில்லை. பசியை வள்ளலார் எழுதியதுபோல் எழுதியவர்கள் குறைவு. பசித்தவரின் உடம்பில் என்னென்ன நடக்கிறது, கண் எப்படிப் பஞ்சடைகிறது, காது எப்படி அடைக்கிறது, அறிவு எப்படி மங்குகிறது என்று அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூல் ஒரு வைத்தியரின் கண்ணோடு விவரித்துச் செல்கிறது. தத்துவம் பேசும் நூல் வயிற்றைப் பற்றியும் பேசுகிறது. தோள்மட்டத்தில் கல் நட்டவரின் அறிவும் இதுவும் ஓர் இனம்.

பத்தாண்டு கழியுமுன் 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தாக்கியது. தனியார் அடுப்புகள் எரிந்தன, ஆனால் அவற்றால் தாங்க முடிந்தது கொஞ்சமே. ஊர்தோறும் எரியும் அடுப்பு வேண்டுமானால் அரசாங்கம்தான் அதை மூட்ட வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேர்பிடித்ததன் பின்னால் அந்த நினைவும் உண்டு என்று எண்ண இடமிருக்கிறது. 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுவதுக்கும் எடுத்துச் சென்றபோது ஊர்மக்களின் நன்கொடையும் அரசின் பங்கும் சேர்ந்து பானை கொதித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. இந்த வரிசையை அரசியல் சாதனைப் பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். சத்துணவுக்கூடத்தின் சமையலருக்கும் உதவியாளருக்கும் சம்பளம் ஒதுக்கிய அரசாணைகளைத் தண்ணீர்ப் பந்தல் கல்வெட்டுகளுக்கு அருகே வைத்துப் படித்தால், நடை வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றாக இருப்பது தெரியும்.

தனிமனிதருக்கு இதில் மிச்சம் என்ன என்ற கேள்வி இயல்பானது. சாலையில் லாரி வந்தபின் சுமைதாங்கிக்கு வேலை இல்லை. ரயில் வந்தபின் சத்திரங்களில் பல கல்யாண மண்டபங்களாகவும் அலுவலகங்களாகவும் ஆயின. திண்ணைகளை இரும்புக் கம்பி போட்டு அடைத்தாயிற்று. இரவில் அங்கே எவரோ படுத்திருந்தால் வீட்டுக்காரர் இன்று போலீசைக் கூப்பிடுவார், அதையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சுமைகள் ஒழிந்துவிடவில்லை, உருமாறியிருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துத் திகைக்கும் முதியவர், வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் பேனாவை நீட்டும் பெண், வாசலில் பார்சலோடு வேர்த்து நிற்கும் டெலிவரிப் பையன், இரவுக் காவலுக்கு உட்கார நாற்காலியும் ஒதுங்கக் கழிப்பறையும் இல்லாத செக்யூரிட்டி. இவர்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் உயரம் இருக்கிறது. பணம் கொடுப்பது பலசமயம் அந்த உயரத்தில் இருப்பதில்லை. படிவத்தை நிரப்பித் தருவது, நாற்காலி ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவைப்பது, துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று விற்கும் பெண்ணுக்கு உட்கார இடம் கேட்பது ஆகியவை அதற்கு நெருங்கி வருகின்றன. கடைசியாகச் சொன்னதைத் தமிழ்நாட்டு அரசு 2021இல் சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்தது: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம். கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. அங்கே அதைக் கேட்டுப் போராடியவர்கள் துணிக்கடைப் பெண்கள்.

தண்ணீர்ப் பந்தல் மட்டும் உருமாறாமல் தொடர்கிறது. ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது கட்சிகளும் ரசிகர் மன்றங்களும் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. முதல் நாள் தர்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும்கூட உண்டு. தலைவர் கையால் முதல் டம்ளர், புகைப்படம், மறுநாள் செய்தி. பத்து நாள் கழித்து அதே இடத்தில் பேனர் இருக்கும், பானை காய்ந்திருக்கும். திறந்தவர்களின் மனம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. திறந்த அன்று அந்த விருப்பம் உண்மையாகவே இருந்திருக்கலாம். விட்டுப்போனது தண்ணீர் எடுத்து வருபவரின் கூலியும் உடைந்த பானைக்கு மாற்றும். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டிலோ டீக்கடை வாசலிலோ மூடிபோட்டு டம்ளரைச் சங்கிலியில் கட்டிய பானை பேனர் ஏதும் இல்லாமல் ஆண்டு முழுவதும் நிறைந்திருக்கும். அங்கே இன்று யார் முறை என்பது ஸ்டாண்டில் உள்ள எல்லாருக்கும் தெரியும். முறை தவறியவரை மற்றவர்கள் கேட்பார்கள்.